பேர் கேட்கிற சார்

அவர் கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள் லேசில் வாயைத் திறக்கிறவர்கள் இல்லை. ஆடு எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால்கூட, கேட்கிறவன் யார், எதற்குக் கேட்கிறான், சொன்னால் என்ன வம்பு வரும் என்று யோசித்துவிட்டு, "அது எங்கியோ மேயுதுங்க" என்று நழுவிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பறங்க?" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு, அடிவயிற்றில் கிடப்பதையெல்லாம் இந்த மனுஷர் பேச வைத்துவிடுவார். மிரட்ட மாட்டார். அவசரப்படுத்த மாட்டார். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். நல்ல மனுஷர். ஐயோ, அத்தனை நல்ல மனுஷராக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெள்ளக்கடை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒண்டிக்கடை என்கிற ஊரில் குடித்தனம். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். பழைய முதலாளியின் பிள்ளைகள் எஸ்டேட்டை மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வந்ததும் முதல் வேலையாக, ஆட்களின் விவரம் முழுவதும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்றார்கள். யார் யார் வேலை செய்கிறார்கள், எப்போது சேர்ந்தார்கள், என்ன வயது, எந்த லைனில் எந்த வீடு, எல்லாம். அதற்காகச் சேலத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்தான் இவர்.

அவருடைய விசிட்டிங் கார்டில் இங்கிலீஷில் நீளமாக என்னவோ போட்டிருந்தது. மனிதவளத் தகவல் முறை ஆலோசகர் என்று நான் தமிழில் சொன்னேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற பெரிய ரைட்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வளம்னா? உரம் போடறவருங்களா?" என்று கேட்டார். ஆட்களுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. இரண்டே நாளில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பேரு கேக்கற சார்.

ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை, கடுகு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். திங்கட்கிழமை காலையில் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு சேலத்தில் பஸ் ஏறுவார். கொண்டை ஊசி வளைவுகளில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டு, வெளிறிப்போய் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை வரைக்கும் கெஸ்ட் ரூமில் தங்கல். "இவ்வளவு கஷ்டப்பட்டு இந்தத் தொழில் எதுக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "வேற ஒண்ணும் தெரியாதுங்களே மேடம்" என்றார். மில், ஆஸ்பத்திரி, பஸ் கம்பெனி என்று எங்கே ஆட்கள் கும்பலாக இருக்கிறார்களோ அங்கே போவது, அந்தக் கும்பலில் ஒவ்வொருவரும் யார் என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது, அடுத்த ஊருக்குப் போவது. அதுதான் அவர் பிழைப்பு.

மிஷினுக்கும் மலை ஒத்துக்கொள்ளவில்லை. பனி உள்ளே புகுந்தால் ஓடாது என்று மேஜைக்கடியில் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். ராத்திரி அதற்குக் கம்பளி போர்த்துவோம். ஃபிளாப்பிகளில் பூசணம் பிடித்துவிடும் என்று எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு மூடி வைத்திருப்பார். சிரிப்பாக வரும். ஆனால் அந்த டிபன் பாக்ஸுக்குள்தான் எங்கள் அத்தனை பேருடைய தலையெழுத்தும் இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் அகப்பட்டது நான்தான். ஆபீஸ் ஆட்களிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னை உட்கார வைத்தார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் ஆயிற்று.

"கல்யாணம் ஆனவங்களாங்க மேடம்?"

"ஆமாம்" என்று பட்டென்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பறங்க?"

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்பதை ஒண்டிக்கடையில் ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் கட்டிக் காத்து வந்திருந்தேன். பெற்ற தாயிடமே பாதிதான் சொல்லியிருந்தேன். அதை இவரிடம் போய், மூக்கைச் சிந்திச் சிந்திக் கொட்டித் தீர்த்தேன். தீர்த்த பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆனவங்கன்னே போடுங்க சார்" என்றேன் எரிச்சலோடு.

"போடறனுங்க. வாரிசு எடத்துல அவரு பேரு இருக்குதே, அதையும் அப்படியே உட்டர்றதுங்களா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வர்றது பூராவும் அவருக்கில்லீங்க போவும்?"

எனக்குத் திக்கென்றது. அதை நான் யோசித்ததே இல்லை. அந்த இடத்தில் அம்மா பெயரைப் போடச் சொன்னேன். அப்புறமும் ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. நல்லதைத்தான் செய்தார். ஆனால் கேட்டது அவர், அழுதது நான் என்கிற கடுப்பு எனக்கு இருக்காதா?

அடுத்துத் தோட்டத்து ஆட்கள். பெரிய ரைட்டரின் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், இதும்படி பாத்தா வெள்ளையம்மாங்கறவங்களுக்கு எம்பது வயசு தாண்டுது. நேத்து அவங்க காப்பி மூட்டையத் தலையில வெச்சுட்டு மேட்டுல ஓடறாங்க. சாகாவரம் ஏதாச்சும் வாங்கிட்டு வந்தாங்களா?"

அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் எஸ்டேட்டில் பெயர் சாகாது. நிரந்தர ஆளாக ஒரு பெயர் பதிவாகிவிட்டால், அந்தப் பெயரோடு ஆட்கள் குடியிருக்கிற லைனில் ஒரு வீடும் உண்டு. வயதாகி வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். புதிதாகச் சேருகிற மருமகளைத் தற்காலிக ஆளாகத்தான் வைத்துக்கொள்வார்கள், வீடு கிடையாது. அதனால் மேடு ஏற முடியாமல் போகிற வயதில், கிழவி ஒருநாள் காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். மழைக்குத் தலையில் போடுகிற சாக்குக் கொங்காடையைக் கழற்றி எல்லார் முன்னாலும் மருமகள் தலையில் மாட்டிவிடுவாள். பெரிய ரைட்டருக்கு வெற்றிலை பாக்கு. மேஸ்திரி "வெள்ளையம்மா" என்று கூப்பிடுவார். மருமகள் "இருக்கறனுங்க" என்பாள். பேர் ஏறியாயிற்று. கிழவி வீட்டுக்குப் போய்ப் படுப்பாள். சிலர் அன்றைக்குப் படுத்தது படுத்ததுதான்.

இது பழைய முதலாளிக்குத் தெரியும், ரைட்டருக்குத் தெரியும், யூனியன்காரருக்கும் தெரியும். தெரியும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளையம்மா என்கிற பெயருக்கு மூன்றாவது ஆள் சரசு. அப்போது முப்பது வயது இருக்கும். எடுப்பான பல், ஓயாத வாய். "ஊட்டுல சரசு, காட்டுல வெள்ளையம்மா. கோயிலுக்குப் போனா எந்தப் பேருக்கு அர்ச்சனை பண்றதுன்னு எனக்கே கொழப்பமுங்க டைப்பக்கா" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவள் புருஷன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கும்போது விழுந்து இடுப்பு உடைந்தவன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருவான், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். வெள்ளையம்மா என்ற பெயர் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், நான்கு உயிரும் நடுரோட்டில் நிற்கும்.

"சார், இதைத் தோண்டாதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எழுதினாத்தான் வம்பு" என்றேன்.

அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். அன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பனி புகை மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே பேசினார்.

"எங்கப்பா வெள்ளைக்கல் சுரங்கத்துல வேலைங்க மேடம். வேலை கெடச்சது எங்க பெரியப்பாவுக்கு. அவருக்குக் குழிக்குள்ள எறங்கப் பயம். நீ போடா தம்பின்னு அனுப்பிட்டாரு. எங்கப்பா அண்ணன் பேர்லயே வேலை செஞ்சாரு. ஒருநாள் பாறை சரிஞ்சு உழுந்துருச்சு. செத்தது எங்கப்பா. செத்ததா எழுதுனது எங்க பெரியப்பாவ."

"அப்புறம்?" இந்தத் தடவை கேட்டது நான்.

"அப்பறம் என்னங்க, எங்கம்மா போயி சுரங்கத்து ஆபீஸ் வாசல்ல நின்னாங்க. உம்பட புருசன்னு இங்க யாரும் வேலையே செய்யலியேன்னுட்டாங்க. வரவேண்டியதெல்லாம் பெரியம்மாவுக்கு வந்துச்சு. பெரியப்பா உசுரோட பக்கத்து ஊட்டுல உக்காந்து பீடி குடிச்சுட்டு இருந்தாரு. எங்கம்மா பொட்டை அழிச்சதுக்குக்கூட, எதுக்குடி அழிச்சேன்னு கேக்கறதுக்கு ஆளு இருந்துச்சுங்க."

அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

அவர் மானேஜரிடம் போய்ப் பேசினார். அப்போதிருந்த மானேஜர் வெள்ளை மனசுக்காரர், ரிட்டயராக ஒரு வருஷமோ என்னவோ பாக்கி. நிஜப் பெயர்கள் தெரிந்துவிட்டால் அந்தந்தப் பெயரிலேயே எல்லோரையும் நிரந்தரமாக்கிவிடலாம், கம்பெனிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். இவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

"அதை எழுதி வாங்கிக்கோங்க சார்" என்றேன்.

"நல்லாருக்குதுங்க மேடம், அத்தனை பெரிய மனுசர்கிட்ட அதைப் போயி எப்படிக் கேக்கறது?"

அடக் கடவுளே! ஊர் உலகத்தில் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வாந்தி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிற மனுஷர், எழுதி வாங்க வேண்டிய ஒன்றே ஒன்றை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

கம்ப்யூட்டரில் 'நிஜப் பெயர்' என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தார். பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒன்று. அதில் ஒரு வரிதான் ஏறும். ஆட்கள் சொல்வது ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்து அதை நீட்டி வைத்தார். யாரும் கேட்காத வேலை, கூலி இல்லாத வேலை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் எல்லாரும் பொய்ப் பெயரைத்தான் சொன்னார்கள். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் காத்திருந்தார். அவர்களுக்கு எதிரே உயரமான நாற்காலி. ஆபீஸ் ஆள் யாரும் தன்னைவிட உயரத்தில் அதுவரை அவர்களை உட்கார வைத்ததில்லை. சொல்லாமல் எப்படி இருப்பார்கள்?

சரசு வந்த அன்று நான் பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"பேருங்க?"

"வெள்ளையம்மாங்க."

"அப்பறங்க?"

அவள் களுக்கென்று சிரித்தாள். என்னைப் பார்த்தாள். பயப்படாமல் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரசுங்க. பொறந்தது மாரமங்கலம்" என்று ஆரம்பித்தாள். கல்யாணம், புருஷன் விழுந்தது, பிள்ளைகள் என்று சளசளவென்று போய்க்கொண்டிருந்த பேச்சு, மாமியாரிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"எங்க மாமியா செத்தப்ப பறையடிக்கலீங்க சார். அடிச்சா, செத்தது யாருன்னு ரோட்டுல போறவன் கேப்பான். வெள்ளையம்மான்னு சொல்லோணும். வெள்ளையம்மா செத்துட்டா, விடிஞ்சா வேலைக்குப் போறது யாருங்க? அதனால வாயில துணிய வெச்சுட்டுத்தான் அழுதோம். விடியறதுக்குள்ள பொதைச்சுட்டு, குளிச்ச ஈரத்தோட ஓடுனேன். மேஸ்திரி வெள்ளையம்மான்னு கூப்பிட்டாரு. இருக்கறனுங்கன்னேன். எம்பட வாயாலயே சொன்னேனுங்க, வெள்ளையம்மா இருக்கறான்னு. நொம்ப நல்ல பொம்பளைங்க சார் அவங்க. ஒரு ஒப்பாரிகூட வெக்கலியே."

என் கை டைப் மிஷின் மேலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கீபோர்டில் அவர் விரல் ஓடுகிற சத்தம் கேட்டது. சரசு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதோ இறக்கி வைத்த மாதிரி விசுக் விசுக்கென்று நடந்து போனாள்.

இதையெல்லாம் கேட்பது அவருக்குப் பிடித்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வொருத்தியும் அழுதுவிட்டுப் போனதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். யாரோ ஒருத்தருக்கு நியாயம் செய்துவிட்ட மாதிரி. அது அவருடைய அம்மாவுக்காக என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சில நாள் அந்த முகத்தைப் பார்த்தால் பயமாகவும் இருக்கும்.

வேலை முடிந்தது. ஃபிளாப்பிகள் மெட்ராஸுக்குப் போயின. அவரும் சேலத்தில் ஒரு மில்லுக்கு வேலையாகப் போய்விட்டார். அடுத்த காப்பி பறிப்பு முடிவதற்குள் பழைய மானேஜரை அனுப்பிவிட்டார்கள். காப்பி விலை சரியில்லை, நிரந்தர ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. குறைப்பதென்றால் ஆளுக்கு நஷ்டஈடு தர வேண்டும். தராமல் அனுப்ப வழி உண்டா என்று மெட்ராஸில் யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்தவர் கையில் அந்த 'நிஜப் பெயர்' பத்தி கிடைத்திருக்கிறது. ஆள்மாறாட்டம் என்றால் காசு தராமலே வெளியேற்றிவிடலாம்.

ஆள்மாறாட்டம் செய்ததாக அந்தப் பெண்களுக்கு நோட்டீஸ்களை டைப் அடித்தது நான்தான். அடித்த கையோடு ஒண்டிக்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "வாரனுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் வந்தார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஆபீசரிடம், அந்த விவரத்தை இதற்காக எடுக்கவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். "எதுக்காக எடுத்திருந்தாலும் அது கம்பெனியோட விவரம்" என்றார் ஆபீசர். ஆபீசர் கத்தவில்லை, கோபப்படவில்லை. விசாரணையன்று சாட்சியாக நீங்களும் வர வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார்.

விசாரணை ஆபீஸ் கூடத்தில் நடந்தது. முதலில் சரசுவை எடுத்துக்கொண்டார்கள். அவளைப் பற்றிய குறிப்புதான் எல்லாவற்றையும்விட விலாவாரியாக இருந்தது. இது நிரூபணமானால் மற்றவர்களுடையதும் தானாக நிரூபணமாகிவிடும். பெண்கள் வெளியே வராந்தாவில் நின்றிருந்தார்கள். சரசு உள்ளே, சுவரோரமாக. யார் என்ன பேசினாலும் அப்படியே டைப் அடிக்க வேண்டியது என் வேலை.

ஆபீசர் அவரிடம் கேட்டார். "இந்த நிஜப் பெயர் விவரமெல்லாம் இந்தப் பெண்கள் சொல்லி நீங்க எழுதினதுதானே?"

அவர் எழுந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இல்லீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"புது சிஸ்டம் போட்டா, சரியா ஓடுதான்னு பாக்கறதுக்கு நாங்களே பொய்யாப் பேரெல்லாம் போட்டு ஓட்டிப் பாப்போமுங்க. டெஸ்ட் டேட்டான்னு சொல்லுவோம். வேலை முடிஞ்சா அழிச்சிரணும். நான் அழிக்க மறந்துட்டேன். அந்தப் பத்தி பூராவும் நானாப் போட்டதுங்க."

வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் பொய் நல்ல பொய். அவர் தொழிலில் நிஜமாகவே நடக்கிற விஷயம். அதை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆபீசர் தாளைப் புரட்டினார். "மாமியார் செத்தது, பறையடிக்காம விடியறதுக்குள்ள புதைச்சது, இதெல்லாம்?"

"கற்பனைங்க."

"நீங்களே கட்டினதா?"

"ஆமாங்க."

"அப்போ பொய்யான விவரத்தைக் குடுத்து எங்ககிட்ட பணம் வாங்கியிருக்கீங்க. அது மோசடி. போலீஸுக்குப் போவோம். நீங்க வேலை செய்யற மில்லுக்கும் மத்த கம்பெனிகளுக்கும் எழுதுவோம். இனிமே இந்தத் தொழில்ல நீங்க இருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேனுங்க" என்றார்.

முடிந்தது, தப்பித்தார்கள் என்று என் மனசு துள்ளியது. அத்தனை பேரும் தப்பித்துவிட்டார்கள். சரசு பேசாமல் நின்றிருந்தால் போதும்.

"ஐயா."

சுவரோரத்திலிருந்து அவள் முன்னால் வந்தாள்.

"அவரு பொய் சொல்றாருங்க. நாந்தான் சொன்னேன். எம்பேரு சரசு. எங்க மாமியா செத்தது கற்பனை இல்லீங்க ஐயா. நெசமாத்தான் செத்தாங்க. எம்பட கையாலதான் மண்ணு தள்ளுனேன். அவர உட்ருங்க, போலீசு கீலீசுன்னு போயிராதீங்க."

"அம்மா, வேண்டாங்கம்மா" என்றார் அவர். கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்து அவள் சொன்னாள், "நீங்க பொய் சொன்னா நல்லாவே இல்லீங்க சார். நாக்கு கொழறுது."

அவரைக் காப்பாற்றத்தான் பேசினாளா, மாமியாரின் சாவைக் கற்பனை என்று சொன்னதைத் தாங்க முடியாமல் பேசினாளா? அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. ஆபீசர் என் பக்கம் திரும்பி, "டைப் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். எழுத்தே தெரியாத அளவுக்குக் கண்ணீர் மறைத்தது.

சரசுவின் பெயர் போயிற்று. அவளோடு மற்றவர்களின் பெயர்களும் போயின. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். யூனியன்காரர் ஒரு கூட்டம் போட்டுக் காரசாரமாகப் பேசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். லைனில் யாருக்கும் கம்பெனி மேல் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வந்த கோபமெல்லாம் சரசு மேல்தான். "அந்தாளு பாத்துக்கறேன்னு நின்னாரில்ல? நீ எதுக்குடி வாயத் தொறந்தே? அந்தாளு மேல உனக்கு என்னடி அத்தனை அக்கறை?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அவள் புருஷனும் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று கேள்வி. ஓயாமல் பேசுகிற சரசு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆபீசர் பேரு கேக்கற சார் மேல் கேஸ் எதுவும் போடவில்லை. தேவைப்படவில்லை. அவருக்குப் பாக்கியிருந்த கடைசிக் கணக்குப் பணத்தைக்கூட ஒழுங்காக அனுப்பி வைத்தார்கள். அதை அவர் வாங்கவில்லை என்று மெட்ராஸிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சரசு குடும்பம் காலி செய்கிற அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெள்ளக்கடை ரோட்டில் வேனுக்காகக் காத்திருந்தார்கள். ஆட்டுக்கல், ஒரு டிரங்குப் பெட்டி, கோணிப்பை, சுருட்டிய பாய். மூட்டையின் மேல் புருஷன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பெண்களும் பள்ளிக்கூட யூனிஃபாரத்திலேயே நின்றார்கள், வேறு நல்ல துணி இல்லையோ என்னவோ. சேலத்துப் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். வாந்தி எடுத்த முகம். நேராக அவளிடம் போய் நின்றுவிட்டார்.

சரசுதான் பேசினாள். "சாப்பிட்டீங்களா சார்?"

"எங்க போறீங்கம்மா?" என்றார்.

"தம்பி ஒருத்தன் இருக்கறானுங்க, கீழ..." என்று ஆரம்பித்தாள். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஏதாவது வேலை பார்த்துத் தரலாம், பிள்ளைகள் படிப்புக்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் இருக்கும். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

அவள் பேனாவைப் பார்த்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல், கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"வேண்டாங்க சார். எங்கள இனி எங்கியும் எழுதாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."